முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா: கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தைப்பூசம் நெருங்க ஆரம்பித்தால் பினாங்கில் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, டிஎஸ்எல்ஆர் ஒன்னு எடுக்கலாம்னு இருக்கேன், எது நல்லாருக்கும்?" ஒரு மாடல் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் அது கேட்டவருக்கு உதவாது. எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, எடுக்கப்படுவது ஆடுகிற ஆளா அசையாத கோபுரமா என்பது தெரிந்தால்தான் கேமராவைப் பற்றிப் பேசவே முடியும். கேமராவைக் கையில் எடுத்தே பார்க்காதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு டிஎஸ்எல்ஆரின் லென்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். சின்னக் கண்ணாடி ஒன்று 45 டிகிரி சாய்வாக நிற்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே போகிறது. கேமராவின் தலைப்பகுதியில் இருக்கும் ப்ரிஸமோ, விலை குறைந்தவற்றில் கண்ணாடிகளோ, அதைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. ஆகவே வியூஃபைண்டரில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சின்னச் சன்னலில், நாம் காண்பது லென்ஸ் வழியாக நேரடியாக வரும் காட்சியையே. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், பின்னால் ஷட்டர் என்ற மெல்லிய திரை திறக்கும், வெளிச்சம் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மேல் விழும், ஷட்டர் மூடும், கண்ணாடி மறுபடி இறங்கும். 'டக்' என்று கேட்கும் சத்தம் இவ்வளவும் சேர்ந்ததுதான். படம் பதிவாகும் அந்தக் கணத்தில் வியூஃபைண்டர் இருட்டிப்போவதும் கண்ணாடி மேலே போய்விடுவதால்தான்.

இன்னொரு விஷயமும் இங்கே இருக்கிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விடும். அது பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றில் பட்டுக் கேமராவின் அடியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. விலை குறைந்த டிஎஸ்எல்ஆர்கூட வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது சட்டென்று ஃபோகஸ் பிடிப்பது இந்த ஏற்பாட்டால். பின்பக்கத் திரையைப் பார்த்துப் படம் எடுத்தால் கண்ணாடி மேலேயே நின்றுவிடும், ஃபோகஸ் சென்சாருக்கு வெளிச்சம் போகாது. பழைய டிஎஸ்எல்ஆர்களில் திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். கைத்தொலைபேசியில் பழகியவர்கள் "கேமரா கெட்டுப்போச்சு போல" என்று நினைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில். கெட்டுப்போகவில்லை. கண்ணை வியூஃபைண்டரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

இந்தக் கண்ணாடியே இல்லாத கேமராதான் மிரர்லெஸ். அதில் கண்ணருகே இருப்பது குட்டி மின்திரை. இன்று கேனனும் நிக்கானும் தங்கள் கவனம் முழுவதையும் மிரர்லெஸ் பக்கம் திருப்பிவிட்டன. இரண்டு நிறுவனங்களுமே கடைசியாகப் புது டிஎஸ்எல்ஆர் மாடலை வெளியிட்டது 2020-இல். பென்டக்ஸ் மட்டும் டிஎஸ்எல்ஆரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க, ஏன் இன்னும் டிஎஸ்எல்ஆர் வாங்க வேண்டும்? என் பதில் நேரானது: காசு. எல்லாரும் மிரர்லெஸுக்கு மாறுவதால் நல்ல நிலையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. மாணவராகவோ புதிதாக வேலைக்குப் போகிறவராகவோ இருந்தால், அதே பணத்துக்கு டிஎஸ்எல்ஆர் பக்கம் ஒரு லென்ஸ் கூடுதலாகக் கிடைக்கும். பேட்டரியும் நின்று பேசும். நிக்கான் டி3500-இன் பேட்டரி ஒரு சார்ஜுக்கு 1,550 படங்கள் தாங்கும் என்பது அதன் அதிகாரபூர்வ அளவு. ஆரம்பநிலை மிரர்லெஸ் பலவற்றில் அந்த எண் 300, 400 என்றுதான் இருக்கும். தைப்பூச ரதம் கிளம்பும் விடியற்காலையிலிருந்து மறுநாள் காலை வரை தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கமே சுற்றுகிற ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை.

நிறைய வீடியோ எடுக்கப் போகிறீர்கள், யூடியூப் சேனல்தான் நோக்கம் என்றால் டிஎஸ்எல்ஆர் வேண்டாம். மிரர்லெஸுக்கே பணம் சேருங்கள். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சரி, மெகாபிக்சல். கடைக்காரர் முதலில் சொல்வது இதுவாக இருக்கும். நீங்கள் கடைசியில் பார்க்க வேண்டியதும் இதுதான். 24 மெகாபிக்சல் என்றால் படம் 6000க்கு 4000 புள்ளிகள். ஆல்பத்தில் ஒட்டும் சாதாரண 4ஆர் பிரிண்டுக்கு 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். 24 மெகாபிக்சல் படத்தை 20 அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டாலும் கிட்டத்தில் நின்று பார்க்கும்படி இருக்கும். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்த எந்த டிஎஸ்எல்ஆரும் இந்த விஷயத்தில் உங்களைக் கைவிடாது.

சென்சாரின் பரப்பு அதைவிட முக்கியம். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவு. நிக்கானில் ஏறக்குறைய 23.5க்கு 15.6 மி.மீ., கேனனில் அதைவிடச் சற்றே சிறியது. பழைய ஃபிலிம் அளவான 36க்கு 24 மி.மீ. சென்சாரை ஃபுல் ஃபிரேம் என்பார்கள். பரப்பு கூடினால் மங்கலான வெளிச்சத்தில் படம் சுத்தமாக வரும், ஆனால் பாடியும் (லென்ஸ் நீங்கலான கேமரா) லென்ஸும் கனமாகும், விலை ஏறும். முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி போதும் என்று தயங்காமல் சொல்வேன். நிக்கான் டி3500 பேட்டரியோடு 415 கிராம். ஃபுல் ஃபிரேம் டி850 ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதுவும் லென்ஸ் இல்லாமல். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500-க்கும் மேற்பட்ட படிகளை அதைக் கழுத்தில் தொங்கவிட்டு ஏறிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும். கனமான கேமரா இரண்டு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

இப்போது லென்ஸுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

புதுக் கேமராவோடு பெட்டியில் வரும் லென்ஸைக் கிட் லென்ஸ் என்பார்கள். பெரும்பாலும் 18–55 மி.மீ., அபெர்ச்சர் எஃப் 3.5 முதல் 5.6 வரை. முதலில் வரும் மி.மீ. எண் எவ்வளவு அகலமாகவோ நெருக்கமாகவோ தெரியும் என்பதைச் சொல்கிறது. ஜார்ஜ்டவுன் குவீன் ஸ்திரீட்டில் எதிர் நடைபாதையில் நின்று மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தை முழுசாகப் பிடிக்க வேண்டுமானால் 18 பக்கம் போக வேண்டியிருக்கும். காப்பிக்கடையில் எதிரே உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் முகம் மட்டும் வேண்டுமானால் 50, 55. பொட்டானிக்கல் கார்டன் குரங்கையோ, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் காவடி எடுத்து வருகிறவரின் கண்ணையோ பிடிக்க 200, 250 வேண்டும்.

இரண்டாவதாக வரும் எஃப் எண்தான் ஆரம்பத்தில் எல்லாரையும் குழப்புவது. அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் ஓட்டை. எண் சின்னதானால் ஓட்டை பெரிது. எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8 ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். இந்த ஒன்பது மடங்குதான் நம் ஊர்த் திருவிழாப் படங்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

தேங்காய் உடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய்களைக் குவித்து வைத்திருப்பார்கள். ரதம் நெருங்கியதும் ஆளுக்கு இரண்டாக எடுத்துச் சாலையில் ஓங்கி அடிப்பார்கள். ஓடு சிதறும், தண்ணீர் தெறிக்கும். அந்தச் சிதறலைக் காற்றிலேயே நிறுத்திப் பிடிக்க ஷட்டர் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூட வேண்டும், அதாவது 1/1000. காலை பத்து மணி வெயிலில் கிட் லென்ஸே இதைச் செய்துவிடும். ஆனால் விடிவதற்கு முன், தெருவிளக்கு வெளிச்சத்தில்? சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றியும் கிட் லென்ஸின் எஃப் 5.6-இல் உங்களுக்கு 1/30 கிடைக்கிறது என்று வையுங்கள். அடிக்கிறவரின் கை வெறும் இழுவையாகத் தெரியும், ஓட்டுத் துண்டுகள் கோடுகளாகிவிடும். அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில், எஃப் 1.8 லென்ஸ் போட்டால் 1/250 கிடைக்கும். பறக்கும் ஓட்டுத் துண்டுகளை நிறுத்த அது போதாது. ஆனால் கையை ஓங்கி நிற்கும் மனிதரின் முகமும், பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் குழந்தையும் தெளிவாக விழுவார்கள். என்னைக் கேட்டால் துண்டுகளைவிட அந்த முகங்கள்தான் படம்.

பரதநாட்டிய அரங்கேற்றம், கோயில் மண்டபத்துக் கல்யாணம், வீட்டுக்குள் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். கேமராவிலோ லென்ஸிலோ கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் கை நடுங்குவதைத்தான் ஈடுகட்டும். ஆடுகிற பெண்ணின் கை அசைவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால்தான் முதல் கேமராவோடு சேர்த்து ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கச் சொல்கிறேன். கேனன், நிக்கான் இரண்டிலும் தனியாக விற்கும் லென்ஸ்களில் விலை குறைந்தவை வரிசையில் இதுவும் ஒன்று. இதில் ஜூம் கிடையாது. முன்னால் போகவோ பின்னால் வரவோ நீங்கள்தான் நடக்க வேண்டும். ஏபிஎஸ்-சி பாடியில் போட்டால் காட்சி இன்னும் குறுகும். நிக்கானில் 50 என்பது ஃபுல் ஃபிரேமின் 75 போல நடந்துகொள்ளும், கேனனில் 80 போல. முகங்களுக்கு அருமை. ஃபிளாட்டின் சின்ன ஹாலில் குடும்பத்தையே நிறுத்தி எடுக்க இடம் போதாது. வீட்டுக்குள் எடுப்பதுதான் அதிகம் என்றால் நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சிக்கான) லென்ஸைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எஃப் 1.8-இல் கிட்டத்தில் நின்று முகத்தை எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் வரலாம். ஃபோகஸ் புள்ளியைக் கண் மேல் வைத்துப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

பாடி பழசாகும். இரண்டு வருடம் கழித்து விற்றால் பாதி விலை தேறுவதே கஷ்டம். நல்ல லென்ஸ் அப்படியில்லை. லென்ஸை மாட்டும் அமைப்பான மவுண்ட் மாறுவதில்லை: கேனனின் இஎஃப் மவுண்ட் 1987-இலிருந்தும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்தும் இருப்பவை. நாளைக்கு மிரர்லெஸுக்கு மாறினாலும் கேனனின் இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு ஆட்டோ ஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிக்கானில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸ்களுக்கும் அப்படியே. ஆகவே பணத்தைப் பிரிக்கும்போது பாடிக்குக் குறைத்து லென்ஸுக்குக் கூட்டுங்கள். கையில் 2,500 வெள்ளி இருக்கிறதா? பாடிக்கும் கிட் லென்ஸுக்குமாக 1,500-ஐத் தாண்டாதீர்கள். மீதியில் ஒரு எஃப் 1.8 லென்ஸ், மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, அப்புறம் உலர் பெட்டி. உலர் பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதை விட்டுவிடாதீர்கள்.

எந்தக் கம்பெனி? படத்தின் தரத்தில் ஆரம்பநிலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. உங்கள் மாமாவோ கூட்டாளியோ கேனன் வைத்திருந்தால் நீங்களும் கேனன் வாங்குங்கள். லென்ஸை இரவல் கேட்கலாம், சந்தேகம் வந்தால் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாடல்களில் சில சூட்சுமங்கள் மட்டும் சொல்கிறேன். கேனன் 3000டி விலையில் கவர்ந்தாலும் அதைத் தவிர்க்கலாம். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் பார்வைக்கு ஏற்ப வியூஃபைண்டரைத் திருத்திக்கொள்ளும் சின்னச் சக்கரமும் அதில் கிடையாது. கொஞ்சம் கூடப் போட்டு 1500டி எடுக்கலாம். இன்னும் முடிந்தால் 200டி மார்க் 2. அதன் திரை வெளியே திரும்பும், திரையைப் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் வேகமாக இருக்கும், ஏனென்றால் ஃபோகஸ் பிடிக்கும் வேலையைச் சென்சாரே செய்கிறது. கூட்டத்துக்கு மேலே கையை உயர்த்தி எடுப்பதற்கு இது பெரிய வசதி. ஆனால் 200டி மார்க் 2-இன் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முள்ளை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு முள்ளை நம்பியே வேலை செய்யும் மலிவான ஃபிளாஷ்களும், ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் டிரிக்கர்களும் அதில் இயங்காது. கல்யாண ஃபோட்டோ எடுத்து நாலு காசு பார்க்கலாம் என்று எண்ணம் இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

நிக்கானில் டி3500 பிடிக்க இதமாக இருக்கும், படம் நன்றாக வரும். திரை திரும்பாது. டி5600-இன் திரை வெளியே வந்து திரும்பும், தொட்டும் இயக்கலாம். இந்த இரண்டு வரிசைகளிலும் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. 'ஏஎஃப்-டி' என்று எழுதிய பழைய லென்ஸ் ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; பழைய பாடி சிலவற்றில் ஏஎஃப்-பி ஓடாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் டி7500 கட்டுப்படியானால் அது ஒரு படி மேல். வியூஃபைண்டரில் தெரிவதுதான் படத்தில் அப்படியே வரும். டி3500-இல் சுமார் 95 சதவீதம்தான் தெரியும், அதனால் நீங்கள் பார்க்காத குப்பைத்தொட்டி ஒன்று படத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். டி7500-இல் விரலுக்கு ஒன்று, கட்டைவிரலுக்கு ஒன்று என்று இரண்டு சக்கரங்கள். ஷட்டரையும் அபெர்ச்சரையும் கண்ணை எடுக்காமல் மாற்றலாம். கைப்பழக்கம் வந்த பிறகு ஒரு சக்கரத்துக்குத் திரும்ப மனசு வராது.

மழை. ஆரம்பநிலை கேனன், நிக்கான் பாடிகளில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் அடைப்புகள் கிடையாது. சாயங்கால மழையும் தேங்காய்த் தண்ணீரும் ஒன்றுதான் அவற்றுக்கு. பென்டக்ஸ் கே-70 ஆரம்பநிலை விலையிலேயே அடைப்புகளோடு வந்த கேமரா. இங்கே அதற்கு லென்ஸ் தேடுவதுதான் கஷ்டம். மற்றவர்கள் பையில் ஒரு ஷவர் தொப்பி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது எதைப் பார்ப்பது? ஆன்லைனில் பேசி எல்ஆர்டி நிலையத்திலோ மாமாக் கடையிலோ சந்தித்து வாங்குகிறவர்கள் அதிகம். பகலில் போங்கள். சொந்த மெமரி கார்டும் கைவிளக்கும் கொண்டுபோங்கள். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். டி3500-இன் ஷட்டர் 1 லட்சம் முறைக்கும் டி7500-இன் ஷட்டர் 1.5 லட்சம் முறைக்கும் சோதிக்கப்பட்டது. நிக்கானில் எடுத்த படத்தின் கோப்பிலேயே அந்த எண் பதிந்திருக்கும், உங்கள் கார்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பார்த்துவிடலாம். கேனனில் பெரும்பாலான மாடல்கள் கோப்பில் அதைக் காட்டாது, தனி மென்பொருள் வேண்டும். எண் கூடுதலாக இருந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து அபெர்ச்சரை எஃப் 16-க்கு வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அது சுத்தம் செய்யக்கூடியது. மூடியைப் போட்டுவிட்டுச் சில வினாடிகள் ஷட்டரைத் திறந்து வைத்து ஒரு படம் எடுங்கள். கறுப்பில் சிவப்போ வெள்ளையோ மின்னினால் அந்தப் புள்ளிகள் பழுது. பிடியில் ஒட்டியிருக்கும் ரப்பரைத் தடவிப் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் அது உப்பிக் கழன்றுவரும். பேட்டரி மூடி, கார்டு மூடி, லென்ஸ் மாட்டும் இடத்திலுள்ள சின்னப் பித்தளை முட்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒரு பார்வை.

லென்ஸில்தான் பொறுமை வேண்டும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். இந்த ஈரத்தில் மூடிய பைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைவிளக்கை அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளிபுள்ளியாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பூஞ்சை அப்படியில்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து கிளம்பி, சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் கிளைத்துக் கிளைத்து நடுவுக்கு வரும். சில லென்ஸில் பனி படிந்தது போல ஒரு மங்கல் மட்டும் தெரியும். இழை எதுவும் கண்ணில் பட்டால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது.

உலர் பெட்டி என்று சொன்னது இதற்குத்தான். மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினட் வாங்க முடிந்தால் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். வாங்க முடியாவிட்டாலும் கவலையில்லை. ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு பை சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். மூன்றும் சாமான் கடையிலேயே கிடைக்கும். சிலிகா மணிகள் நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி பயன்படுத்துங்கள். ஒரு விஷயம் மட்டும்: ஈரத்துக்குப் பயந்து 30-க்குக் கீழே இறக்கி வைக்க வேண்டாம், ரப்பரும் எண்ணெயும் காய்ந்துபோகும். கேமராவோடு வந்த தோல் பையையோ துணிப் பையையோ நிரந்தர வீடாக்குவதுதான் பூஞ்சைக்கு நாமே வைக்கும் விருந்து. வெளியே கொண்டுபோக மட்டும் பை.

கடையில் புதிதாக வாங்குவதென்றால், விலை சொன்னவுடன் "இது மலேசியா வாரண்டியா, ஏபி செட்டா?" என்று கேளுங்கள். ஏபி செட் என்பது அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராமல் வேறு வழியில் இறக்குமதியானது. கேமரா அதேதான், ஆனால் பழுது வந்தால் அதற்குப் பொறுப்பு கடைக்காரர் மட்டுமே. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் அதிகாரபூர்வ வாரண்டியே மேல். வாரண்டி அட்டையில் இருக்கும் எண்ணும் கேமராவின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் கேமராவைக் கையில் வாங்கிப் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். சுண்டுவிரல் பிடிக்குக் கீழே தொங்குகிறதா? ஆள்காட்டி விரல் நகராமல் ஷட்டர் பட்டனைத் தொடுகிறதா? கண்ணாடி போட்டபடி வியூஃபைண்டரின் நாலு மூலையும் தெரிகிறதா? இரண்டு மாடல்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நின்றால் கையில் நன்றாக உட்காருகிறதையே எடுங்கள். தோழிகளோ தம்பியோ கூட வந்திருந்தால் அவர்களைக் கடைக்குள் கொஞ்சம் நடக்கச் சொல்லி, ஃபோகஸ் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். கடையின் உள்வெளிச்சமே உங்களுக்கு நல்ல சோதனைக் களம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் கேமராவை ஓய்வாக விடாதீர்கள். பழுதான பொருளை மாற்றித் தரக் கடைகள் கொடுக்கும் நாட்கள் குறைவு. கிட் லென்ஸை 18, 35, 55 என்று மூன்று இடத்திலும் வைத்து, கிட்டத்திலும் தூரத்திலும், வெயிலிலும் குழல்விளக்கிலும் எடுத்துப் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலாக வருகிறது என்றால் லென்ஸ் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. ரசீதோடு போய் மாற்றிக் கேளுங்கள். மோடு சக்கரத்தை முதல் நாளிலிருந்தே 'ஏ' அல்லது 'ஏவி'யில் வையுங்கள். அபெர்ச்சரை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, ஷட்டர் 1/125-க்குக் கீழே இறங்காதபடி வரம்பு வைக்கும் வசதி மெனுவில் இருந்தால் அதையும் செய்துவிடுங்கள். வீட்டில் நடமாடுகிறவர்களைப் பிடிக்க இந்த அமைப்பே போதும். ஓடுகிற பிள்ளைகளுக்கு 1/250.